வீட்டில் பாட்டுப் பதிய எந்த மைக்? இரண்டை அருகருகே வைத்துத் தேர்வு செய்யும் முறை

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை இருக்கிறது. மொசைக் தரை, வெறும் சுவர், மேலே கான்கிரீட். பின் தெருவில் விசைத்தறி. காலையில் ஓட ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். சில வருஷங்களாக இந்த அறையில்தான் பாட்டுப் பதிகிறேன். கோயில் பாட்டு, தெம்மாங்கு, தாலாட்டு, கல்லூரிப் பையன்கள் எழுதிக் கொண்டுவரும் சொந்தப் பாட்டு என்று எல்லாம் வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள்: "அண்ணே, நானும் வீட்டுலயே பதியலாம்னு இருக்கேன். எந்த மைக் வாங்கட்டும்?"

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனசு வராது. எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரையில் பிறந்தவர். டி.எம். சௌந்தரராஜனும் மதுரையில் பிறந்தவர்தான். இரண்டு குரலையும் மனதுக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். ஒருவருக்கு எடுப்பாக இருக்கும் மைக் இன்னொருவருக்கும் அப்படியே பொருந்தும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? அதனால் இங்கே மைக் சிபாரிசு குறைவாகவும், உங்கள் அறையில் உங்கள் குரலை வைத்து இரண்டு மைக்கை நியாயமாக ஒப்பிடும் வழி அதிகமாகவும் இருக்கும். ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும், செய்து முடித்துவிடலாம்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய முதல் மைக் பெரிய டயஃப்ரம் (குரல் பட்டு அதிரும் தகடு) வைத்த கண்டன்சர் வகை. வீடியோக்களில் எல்லோரும் அதைத்தான் காட்டினார்கள். பெட்டி வந்த அன்றே ஸ்டாண்டில் மாட்டி, ஒன்றரைச் சாண் தள்ளி நின்று பாடிப் பதிந்து, ஹெட்ஃபோனில் கேட்டேன். என் குரலுக்கு அடியில் தறி. தறிக்கு அடியில் சீலிங் ஃபேன். போதாததற்கு, சுவரில் பட்டுத் திரும்பிய என் குரலே இன்னொரு தரம். மைக்கில்தான் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஹெட்ஃபோனில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மைக் நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்க ரூமுதான் பாடுது" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் உண்மை.

அதனால் முதல் வேலை அறை

அறையின் நடுவில் நின்று ஒரு தரம் ஓங்கிக் கைதட்டுங்கள். தட்டிய சத்தம் அங்கேயே அடங்கினால் நல்லது. 'ட்ரிங்' என்று ஒரு நடுக்கம் பின்னாலேயே ஓடினால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெற்றுச் சுவர்கள் சத்தத்தைப் பந்து மாதிரி மாற்றி மாற்றி எறிகின்றன என்று அர்த்தம். நம் ஊர் வீடுகளில் அநேகமாக எல்லா அறையிலும் இது கேட்கும். இந்த நடுக்கம் இருக்கும்வரை பத்தாயிரம் ரூபாய் மைக்குக்கும் லட்ச ரூபாய் மைக்குக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் காதுக்கு எட்டாது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மைக்குக்குப் பின்னால்தான் ஃபோம் ஒட்டுகிறார்கள். பாட்டுக்கு நாம் வைக்கும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை. முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். அந்த முன்பக்கத்துக்கு நேரே யார் இருக்கிறார்கள்? நீங்கள். உங்களுக்குப் பின்னால்? சுவர். ஆகவே மெத்தை போகவேண்டிய இடம் பாடுகிறவரின் முதுகுப் பக்கம். நான் வைத்திருப்பது இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, போடிப் பக்கத்திலிருந்து வந்த பஞ்சு. மூலையில் 'ட' மாதிரி நிறுத்தி, சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன். அந்த இடைவெளி இருந்தால் கனத்த சத்தமும் ஓரளவு அடங்கும். காலடியில் மடித்த ஜமுக்காளம். சுவரில் சேலை தொங்கவிடுவது பார்வைக்கு அழகு, ஆனால் சுங்குடியின் மெல்லிசுக்கு எந்தச் சத்தமும் நிற்காது. முட்டை அட்டையும் அப்படித்தான். கூர்மையான சத்தத்தைக் கொஞ்சம் உடைக்கும், ஆண் குரலின் அடிப்பகுதி அதைத் தாண்டிப் போய்விடும்.

அப்புறம் ஃபேன். சித்திரையில் ஃபேன் இல்லாமல் இந்த ஊரில் பாட முடியுமா என்று கேட்பீர்கள். அரைமணி நேரம் ஓடவிட்டு அறையை ஆற்றுங்கள், நிறுத்துங்கள், மூன்று டேக் எடுங்கள், மறுபடி ஓடவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பல வீடுகளில் நின்றுவிடும். நிற்காவிட்டால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதியாமல் இருப்பது நல்லது. சாதாரண இன்வெர்ட்டரின் ரீங்காரம் கேபிள் வழியாக உள்ளே வந்து உட்காரும்.

நேரத்தையும் பாருங்கள். எனக்குத் தறி நின்ற பிறகு ராத்திரி, இல்லாவிட்டால் விடியற்காலை நாலரை. ஆனால் மார்கழியில் விடியற்காலை ஆகாது, எந்தத் திசையிலாவது கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். ஆடி மாதம் கிராமத்துப் பக்கம் வீடு என்றால் நாள் பார்த்துத்தான் பதிய முடியும். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, மைக்கின் முதுகை அந்த ஜன்னலுக்குக் காட்டி நிறுத்துங்கள். கார்டியாய்டுக்கு நேர் பின்னால்தான் காது மந்தம். சூப்பர்கார்டியாய்டு என்று போட்டிருந்தால் மந்தமான இடம் நேர் பின்னால் இல்லை, ஏறக்குறைய 126 டிகிரியில், பின்பக்கத்துக்கு இரு ஓரங்களிலும் இருக்கும். அப்போது மைக்கைக் கொஞ்சம் சாய்த்து நிறுத்த வேண்டும்.

கண்டன்சரா, டைனமிக்கா?

எம்.எஸ். பிறந்தது 1916-இல். அதே 1916-இல்தான் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இ.சி. வென்டே என்ற பொறியாளர் கண்டன்சர் மைக்கை உருவாக்கினார். இந்த இரண்டும் ஒரே வருஷம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். இழுத்துக் கட்டிய மெல்லிய தகடு ஒன்று, அதன் பின்னால் மயிரிழை தள்ளி இன்னொரு தகடு. குரல் பட்டு முன் தகடு அதிர, நடுவில் இருக்கும் இடைவெளி மாறி, மின்சாரமும் மாறுகிறது. தகடு மிக இலேசானது என்பதால் மூச்சுக்காற்றின் நுனிவரை பிடிக்கும். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டிதான் ஆடியோ இண்டர்ஃபேஸ். அதில் '48V' என்று ஒரு பட்டன் இருக்குமே, பாண்டம் பவர், அதுதான் அந்த மின்சாரம்.

டைனமிக் மைக்கில் தகட்டின் பின்னால் ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி ஒரு காந்தம். சுருள் அசைந்தால் மின்சாரம் தானாகப் பிறக்கும். கல்யாண மண்டபம், பட்டிமன்றம், கரகாட்ட மேடை என்று மைக்செட்காரர் நீட்டும் உருண்டைத் தலை மைக் எல்லாம் இந்த வகை. 1966-இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இன்றுவரை இதற்கு அளவுகோல்.

இப்போது எண்கள். பெட்டியில் வரும் தாளில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு வரி இருக்கும். ஒரே சத்தத்துக்கு எஸ்.எம்.58 கொடுப்பது 1.85 மில்லிவோல்ட், ரோட் என்.டி.1-ஏ கண்டன்சர் கொடுப்பது 25 மில்லிவோல்ட். பதின்மூன்று மடங்குக்கு மேல். டெசிபல் கணக்கில் 22-க்குச் சற்று அதிகம். அதாவது 58-ஐ வைத்தால் இண்டர்ஃபேஸின் கெயின் குமிழை (மைக்கின் சத்தத்தை ஏற்றும் குமிழ்) அந்த 22 டெசிபலுக்கும் சேர்த்துத் திருப்ப வேண்டும். ஷூர் எஸ்.எம்.7பி என்ற இன்னொரு டைனமிக் மைக் கொடுப்பது இன்னும் குறைவு, 1.12 மில்லிவோல்ட். அதற்கு 60 டெசிபல் கெயின் வரை தேவைப்படும். பழைய சின்ன இண்டர்ஃபேஸ்களுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. இதைக் கவனிக்காமல் எஸ்.எம்.7பி வாங்கிவிட்டு, கிளவுட்லிஃப்டர் மாதிரி கெயின் ஏற்றும் இன்னொரு பெட்டிக்கும் செலவு செய்கிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு வரி 'செல்ஃப் நாய்ஸ்', மைக்கே போடும் இரைச்சல். என்.டி.1-ஏ-வுக்கு 5 டெசிபல், ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020 என்ற கண்டன்சருக்கு 20 டெசிபல். தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் தெரு அடங்கிய ராத்திரியில் கூட நம் அறைகளில் 30 டெசிபல் அளவுக்கு ஏதாவது சத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதற்குள் அந்த 20 மூழ்கிவிடும். மெத்தையும் கதவும் சரியான பிறகுதான் இந்த எண்ணுக்கு மதிப்பு வரும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "டைனமிக் மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்காது, அறை சரியில்லைன்னா டைனமிக் வாங்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படி நம்பித்தான் மாறினேன், தறிச் சத்தமும் குறைந்தது. பிறகு ஒரு நாள் இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்துப் பதிந்து, குரல் அளவைச் சமமாக்கிக் கேட்டேன். தறி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்டது. கண்டன்சரில் அதன் 'டக்' கொஞ்சம் கூர்மை, அவ்வளவே. அப்படியானால் முன்பு குறைந்தது எப்படி? டைனமிக் மைக்கை நான் மேடைப் பழக்கத்தில் வாய்க்கு நெருக்கமாக வைத்துப் பாடியிருந்தேன். தூரம்தான் தறியை அடக்கியது.

கணக்கு எளிது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். தறி இருக்கும் தூரம் மாறவில்லை, அதனால் அது ஏறாது. ஒரு சாணிலிருந்து நாலு விரலுக்கு வந்தால் தூரம் மூன்றில் ஒரு பங்கு, குரல் 9 டெசிபலுக்கு மேல் முன்னால் வந்து நிற்கும். காசில்லாமல் கிடைக்கும் இந்த 9 டெசிபலை விட்டுவிட்டு மைக் மாற்றுவதில் பயன் இல்லை. ஆனால் நெருங்கினால் ஒரு விலை உண்டு. கார்டியாய்டு மைக்கில் வாய் நெருங்க நெருங்க அடிக்குரல் கனத்துக்கொண்டே போகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட்டைப் போட்டால் ஓரளவு சரியாகும், பெண் குரலில் எதுவும் குறையாது. நெருக்கத்தில் 'ப' வெடிக்கும் என்பதால் பாப் ஃபில்டரும் தேவை. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரம் பார்க்கச் சற்றுத் திருப்பி வைத்தாலும் காற்று நேராகப் போய் அடிக்காது.

யு.எஸ்.பி. மைக் பற்றியும் கேட்பார்கள். பேச்சுக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் தாராளமாகப் போதும். ஆனால் பாட்டு என்று இறங்கியவர்கள் சீக்கிரமே இரண்டாவது மைக் வேண்டும் என்பார்கள், ஒப்பிட வேண்டும் என்பார்கள். அப்போது யு.எஸ்.பி. இடக்குப் பண்ணும். நான் எக்ஸ்.எல்.ஆர். மைக்கும் (மூன்று முள் கேபிளில் இண்டர்ஃபேஸுக்குப் போவது) இரண்டு சேனல் இண்டர்ஃபேஸும்தான் சொல்வேன்.

வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள்

ஒப்பிட இரண்டு மைக் வேண்டும். ஒன்று டைனமிக், ஒன்று கண்டன்சர் என்று இருந்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். டைனமிக்குக்கு உங்கள் தெரு மைக்செட்காரரிடம் போங்கள். முகூர்த்தம் இல்லாத வாரத்தில் அவருடைய பெட்டி சும்மாதான் கிடக்கும். ஒரு நாள் வாடகை கொடுத்தால் சந்தோஷமாகத் தருவார், கேபிளையும் சேர்த்தே தருவார். கண்டன்சருக்குச் சர்ச்சில் பாட்டுக் குழு நடத்துகிறவர், குறும்படம் எடுக்கும் பையன்கள், பாட்டு டீச்சர் என்று விசாரித்தால் யாரிடமாவது இருக்கும். யாரிடமும் கிடைக்காவிட்டால் மைக் வைத்திருப்பவர் வீட்டுக்கே போய்ப் பாடிப் பார்க்கலாம். ஆனால் அந்த முடிவு அந்த அறைக்கானது, உங்கள் அறைக்கு அப்படியே பொருந்தாது.

பதிவு நாள்

மேலூர்ப் பக்கத்திலிருந்து என் சின்னம்மா வந்திருந்தபோது செய்த சோதனையையே இங்கே சொல்கிறேன். வயலில் நின்று பாடிப் பழகிய தொண்டை, நாலு வரப்பு தாண்டிக் கேட்கும். ஒரு சேனலில் எஸ்.எம்.58, இன்னொன்றில் ஏ.டி.2020.

இண்டர்ஃபேஸில் 48V அணைந்திருக்கும்போதே இரண்டு கேபிளையும் செருகினேன், பிறகு போட்டேன். சின்ன இண்டர்ஃபேஸ்களில் ஒரே பட்டன் இரண்டு சேனலுக்கும் மின்சாரம் அனுப்பும். கேபிள் சரியாக இருந்தால் அதனால் டைனமிக்குக்கு ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக் என்றால் மட்டும் இந்த வேலை வேண்டாம், கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

சின்னம்மா கண்டன்சரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏப்பா, இதுல வாய எங்கிட்டு வைக்க? மண்டையிலயா?" நல்ல கேள்வி. 58-க்கு உச்சந்தலையில் பாட வேண்டும். ஏ.டி.2020 மாதிரி நிற்கும் கண்டன்சர்களுக்குப் பக்கவாட்டில், கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம் பாட வேண்டும். இதைத் தெரியாமல் உச்சியில் பாடிப் பதிந்து, மைக் மந்தமாக இருக்கிறது என்று விற்றவரை எனக்குத் தெரியும். முத்திரைப் பக்கத்தைச் சின்னம்மாவுக்குக் காட்டினேன்.

இரண்டு மைக்கையும் ஒட்டினாற்போல், உள்ளே குரலைப் பிடிக்கும் கேப்ஸ்யூல்கள் வாயிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். 58-இல் கேப்ஸ்யூல் வலைக்குள் சற்று உள்ளே இருக்கிறது. கண்டன்சரில் வலையின் நடுவில் இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சாண் வைத்தோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பதிய வேண்டும் என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர். தனித்தனியாகப் பாடினால் இரண்டாவது முறை தொண்டை சூடாகியிருக்கும், பாவம் மாறியிருக்கும். அப்புறம் நீங்கள் ஒப்பிடுவது மைக்கையா, பாட்டையா என்று தெரியாது.

பதியும் மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். கெயின் வைக்கும்போது "சும்மா பாடுங்க" என்று சொல்லாதீர்கள். பாட்டிலேயே உச்சமான வரியைப் பாடச் சொல்லி, அப்போது மீட்டர் -10 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். நிஜமாகப் பாடும்போது எல்லோரும் இன்னும் கொஞ்சம் ஏற்றித்தான் பாடுவார்கள்.

பதிய வேண்டியவை: முதலில் இருபது வினாடி யாரும் மூச்சுவிடாத மௌனம், அறைச் சத்தத்துக்காக. பிறகு சாதாரணப் பேச்சு. சாதம், சீனி, சிலை, ஸ்வரம் என்று 'ஸ' சத்தம் வரும் சொற்கள். பாப்பா, பப்பாளி, பம்பரம் என்று உதடு வெடிக்கும் சொற்கள். பழம், பள்ளம், பல் என்று ழ, ள, ல மூன்றும். தமிழ்ப் பாட்டில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பினால் கேட்கிறவர்களுக்கு உடனே தெரியும். அப்புறம் கீழ் ஸ்தாயியில் மெதுவாக ஒரு பகுதி, உச்சத்தில் சத்தமாக ஒரு பகுதி. சின்னம்மா ஒரு தாலாட்டும் ஒரு நடவுப்பாட்டும் பாடினார். நடவுப்பாட்டு எடுத்ததும் தலை தானாகப் பின்னால் போனது, வயல் பழக்கம். தோளில் இலேசாகக் கை வைத்து நிறுத்தி இன்னொரு தரம் பாடச் சொன்னேன்.

சத்தத்தைச் சமமாக்காமல் கேட்காதீர்கள்

இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். ஒரே மைக்கில் பதிந்த ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்துக் கேளுங்கள், கூட்டியதுதான் 'நல்லா' இருக்கும். காது அப்படி. கண்டன்சருக்குச் சத்தம் இயல்பாகவே அதிகம் என்பதால், சமமாக்காமல் கேட்டால் ஒவ்வொரு முறையும் அதுதான் ஜெயிக்கும். வீடியோ ஒப்பீடுகள் பலவற்றில் இதுதான் நடக்கிறது.

ஆடாசிட்டி இலவச மென்பொருள். அதில் பதிந்திருந்தால் இரண்டு சேனலையும் ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ கொடுத்துத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் லவுட்னெஸ் நார்மலைசேஷன் என்ற எஃபெக்டைப் போட்டு, இரண்டுக்கும் -23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) என்று ஒரே எண் கொடுங்கள். மௌனப் பகுதியை வெட்டாமல் முழுப் பதிவுக்கும் சேர்த்துப் போட வேண்டும். அப்போதுதான் குரல் சமமானபோது எந்த மைக்கில் அறைச் சத்தம் எவ்வளவு என்பதும் நியாயமாகத் தெரியும். குரலின் நிறத்தை மாற்றும் ஈ.க்யூ., எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் எதுவும் இப்போது வேண்டாம்.

அடுத்தது பெயரை மறைப்பது. விலை தெரிந்தால் காது விலைக்குச் சாயும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, இரண்டு கோப்புக்கும் பெயர் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். என் தங்கை மல்லி, பிச்சி என்று பெயர் வைத்தாள். எது எந்த மைக் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நானும் சின்னம்மாவும் ஹெட்ஃபோன் மாற்றி மாற்றிக் கேட்டோம்.

கேட்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கவனியுங்கள். முதல் சுற்றில் 'ஸ' சத்தம் குத்துகிறதா? இரண்டாவது சுற்றில் உச்ச ஸ்தாயி தகரம் மாதிரி ஆகிறதா? மூன்றாவதில் கீழ் ஸ்வரங்களில் உடம்பு இருக்கிறதா, சொல் தெளிவாக இருக்கிறதா? கடைசியாக மௌனப் பகுதி. மொத்தமாக "எது நல்லா இருக்கு" என்று கேட்டால் பத்து நிமிஷத்தில் குழம்பிவிடுவீர்கள். ஹெட்ஃபோனில் கேட்டது போக, போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். உங்கள் பாட்டைக் கேட்கப்போகிறவர்களில் அதிகம் பேர் அதில்தான் கேட்பார்கள். முடிந்தால் சுருதிப்பெட்டியோ தாளமோ சேர்த்து ஓடவிட்டும் பாருங்கள். தனியாகக் கேட்கும்போது மெலிந்திருக்கும் குரல் சில நேரம் வாத்தியத்தோடு சேரும்போது எடுப்பாக நிற்கும்.

நடவுப்பாட்டைக் கேட்டு முடித்துச் சின்னம்மா தயங்கவே இல்லை. "பிச்சியிலதான்ப்பா என் தொண்டை இருக்கு. மல்லியில எவளோ பட்டணத்துக்காரி பாடுறா." பிச்சி என்பது 58. அந்த மைக் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எட்டாது, உச்சியில் அது கொஞ்சம் மழுங்குவதே வீச்சான அந்தக் குரலுக்கு இதமாக இருந்தது. கண்டன்சரில் அதே குரலின் விளிம்பு கண்ணாடித் துண்டு மாதிரி கீறியது. தாலாட்டில் கதை மாறியது. அங்கே மல்லியில், வரிக்கு வரி நடுவே சின்னம்மா இழுக்கும் மூச்சும் 'ரீ' என்று கரையும் இழைப்பும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்தன. பிச்சியில் அந்த இழைப்பு பாதி காணோம். அதனால் தாலாட்டைத் தறி நின்ற பிறகு ராத்திரி பதினொன்றுக்குக் கண்டன்சரிலும், நடவுப்பாட்டை மறுநாள் காலை 58-இலும் பதிந்தோம்.

உங்களுக்கும் இப்படி இரண்டாகப் பிரிந்தால், நீங்கள் அதிகம் பாடுவது எந்த மாதிரிப் பாட்டு என்று பார்த்து அதற்கானதை முதலில் வாங்குங்கள். முடிவெடுத்த அன்றே கடைக்கு ஓட வேண்டாம். மறுநாள் காலை காது ஓய்ந்த பிறகு இன்னொரு தரம் மறைத்து வைத்துக் கேளுங்கள். இரண்டு நாளும் ஒரே பதில் வந்தால் அது உங்கள் மைக்.

பணத்தை எடுத்து வைக்கும்போது

மொத்தத் தொகையையும் மைக்கில் போடாதீர்கள். ஆடாத ஸ்டாண்ட், நல்ல எக்ஸ்.எல்.ஆர். கேபிள், பாப் ஃபில்டர், காதை மூடும் ஹெட்ஃபோன், இரண்டு மெத்தை. இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் மைக் வாங்குங்கள். காது திறந்த ஹெட்ஃபோன் போட்டுப் பாடினால் அதிலிருந்து கசியும் சுருதி மைக்கில் ஏறும்.

ஆயிரம் ரூபாய்க்குள் பெரிய உடம்போடு வரும் 'ஸ்டுடியோ கண்டன்சர்'களில் பலவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே சட்டைப் பொத்தான் அளவு கேப்ஸ்யூல் ஒன்றுதான் இருக்கும். அந்தப் பணத்துக்கு மைக்செட்காரரின் பழைய டைனமிக் எவ்வளவோ மேல்.

எஸ்.எம்.58 வாங்குகிறவர்கள் போலியைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். பார்த்தால் தெரியாத அளவுக்குச் செய்திருப்பார்கள். அசல் எடை 298 கிராம். கேபிள் இல்லாமல் தனியாகத் தராசில் வைத்தால் போதும், மளிகைக் கடைத் தராசு கூடப் போதும். கணிசமாகக் குறைந்தால் வாங்காதீர்கள். எடை சரியாக இருந்தாலும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவதே பாதுகாப்பு.

மைக் வீட்டுக்கு வந்த பிறகு, உருண்டைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் மேடைப் பழக்கத்தை விடுங்கள். வலையைப் பொத்தினால் பின்பக்க வழிகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பிக்கும். கண்டன்சருக்குத் தூசியும் ஈரமும் ஆகாது. வேலை முடிந்ததும் 48V-ஐ அணைத்து, கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். அதைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது. 58-க்கு அந்தப் பயம் இல்லை. உருண்டை வலையைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சோடு சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஸ்பாஞ்சில் ஈரம் இல்லை என்று விரலால் அழுத்திப் பார்த்த பிறகு மாட்டலாம்.